கீழ்வேங்கைப்பட்டுக்குச் சாலை உண்டு

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம் என்று படுத்த நேரத்தில் போன் வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒன்றிய அலுவலகத்தில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கும் தமிழரசி பேசினார். முன்பின் பழக்கமில்லை. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். கல்வராயன் மலையில் உள்ள குக்கிராமங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, நிற்கிற இடத்தோடு சேர்த்துப் போனில் ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்தந்த ஊரில் நின்று எடுத்தால்தான் படம் ஏறுமாம். ஆபீசில் உட்கார்ந்து எடுத்தால் ஏறாதாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கஷ்டமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது.

"சார், கீழ்வேங்கைப்பட்டுக்கு ரோடு இருக்குதுன்னு நம்ம பட்டியல்ல போட்டிருக்குது. நான் இப்ப அந்த ஊர்லதான் நிக்கிறேன். நாலு கிலோமீட்டரு பாறையில ஏறி வந்திருக்கேன். பழைய பட்டியல் உங்க கையெழுத்துன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. இது எப்பிடி சார் வந்திச்சி?"

மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. பார்த்துச் சொல்கிறேன் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அது எப்படி வந்தது என்று எனக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் வருஷா வருஷம் ஒரு மலர் போடுகிறார்கள். நீயும் ஏதாவது எழுது என்று கேட்பார்கள். நானும் சங்கராபுரம் ரோட்டு முக்கில் பஸ் நிறுத்தத்தை நாற்பதடி தள்ளி வைத்து விபத்தைக் குறைத்த கதையை எழுதலாம் என்று நினைத்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். குடியரசு தினத்தில் அதற்காகச் சான்றிதழ்கூட வாங்கினேன். வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. தமிழரசி பேசிய அன்று சாயங்காலம் அதைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். என் மனைவி ஏன் என்று கேட்டாள். சுவர் ஈரம் என்றேன். பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

நான் நைனார்பாளையத்துக்காரன். கரும்பும் மரவள்ளியும் போடுகிற சம்சாரி குடும்பம். ஐ.டி.ஐ.யில் சிவில் வரைவாளர் படித்துவிட்டு, கொஞ்ச காலம் கட்டட வேலைகளுக்குப் பிளான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, சாலை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்க வண்டி எண்ணுகிற வேலைதான். ஒரு சாலைக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் அதில் என்னென்ன வண்டி எத்தனை போகிறது என்று கணக்கு வேண்டும். கள்ளக்குறிச்சியில் ரோட்டு ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, லாரிக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு ஒரு கட்டம், கரும்பு டிராக்டருக்கு ஒரு கட்டம் என்று கோடு கோடாகப் போட வேண்டும். நாலு கோடு நெட்டுக்குத்தாக, ஐந்தாவது கோடு குறுக்கே.

எனக்கு மேலதிகாரி ரஹ்மத்துல்லா சார். கள்ளக்குறிச்சியிலேயே ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். கடைக்குப் போகாமல் படித்துவிட்டு எங்கள் இலாகாவுக்கு வந்தவர். யாரையும் ஏசியதில்லை. குரலை உயர்த்தியதுமில்லை. ஆனால் நாம் வண்டி எண்ணிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் எதிர்ச்சாரியில் வந்து நின்று அவரும் ஒரு பத்து நிமிஷம் எண்ணுவார். பிறகு ரோட்டைத் தாண்டி வந்து நம் தாளை வாங்கி, அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் பார்ப்பார். ஒத்துப்போனால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீக்குக் கூப்பிடுவார். என்னோடு சேர்ந்த ஒருத்தன் டீக்கடைக்குள் உட்கார்ந்துகொண்டு குத்துமதிப்பாகக் கோடு போட்டிருந்தான். சார் அந்தத் தாளைப் பார்த்தார். நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கி வந்து திருப்பி எண்ணுப்பா" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அவர்மேல் பயம் கிடையாது. மரியாதை என்றுகூடச் சொல்ல முடியாது. அவரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். எடுத்தேன். பத்து வருஷம் அவருக்குக் கீழே உண்மையாகத்தான் வேலை பார்த்தேன். எண்ணியதை எழுதினேன், பார்த்ததை எழுதினேன். அதை இப்போது சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை.

அதற்கப்புறம் அந்தப் பட்டியல் வேலை வந்தது. ரோடு இல்லாத குக்கிராமங்களுக்கெல்லாம் தார் ரோடு போடப் பெரிய நிதி வரப்போகிறது, அதற்கு ஊர் ஊராகப் பட்டியல் எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. ஒரு ஊருக்கு ஒரு வரி. ஊர்ப் பெயர், வீடுகள், ஜனத்தொகை, பக்கத்துத் தார் ரோட்டிலிருந்து தூரம், கடைசியில் 'இணைப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுத வேண்டும். 'இல்லை' என்று எழுதிய ஊர் வரிசையில் நிற்கும். 'உண்டு' என்று எழுதிவிட்டால் அந்த ஊரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மலைப் பகுதியில் கொஞ்சம் ஊர்கள் என் பங்குக்கு வந்தன. ஒவ்வொரு ஊருக்கும் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று ரஹ்மத்துல்லா சார் சொல்லியிருந்தார்.

அதில் இரண்டு ஊர், மேல்வேங்கைப்பட்டு, கீழ்வேங்கைப்பட்டு. வேங்கைப்பட்டு என்பதை நான் மாற்றி வைத்திருக்கிறேன். மேல், கீழ் என்பதை மாற்றவில்லை. மாற்றினால் நான் செய்தது புரியாது.

வெள்ளிமலை பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கில் போய் இறங்கினேன். ஓடை ஓரமாக வீடுகள். ஊர் முகப்பில் ஒரு டீக்கடை. அதுவரைக்கும் வனத்துறை போட்ட ரோடு இருந்தது. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் கிழக்கே எதிர்மலை உச்சியில் இன்னொரு ஊரின் கூரைகள் தெரிந்தன. டீக்கடைக்காரரிடம் இதுதானே வேங்கைப்பட்டு என்று கேட்டேன். ஆமாம் என்றார். மேலே தெரிகிறதே அது என்ன ஊர் என்றேன். அதுவும் வேங்கைப்பட்டுதான் என்றார். எவ்வளவு தூரம் என்றேன். நாலு கிலோமீட்டர், நடந்துதான் போகணும் என்றார். சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அந்த வாரத்துக்குள் முடிக்க இன்னும் ஊர்கள் இருந்தன. செருப்பு கடித்துக் குதிகாலில் தோல் வேறு உரிந்திருந்தது. டீயைக் குடித்துக்கொண்டே தாளை எடுத்தேன். உச்சியில் இருப்பது மேல்வேங்கைப்பட்டு, இணைப்பு இல்லை. பள்ளத்தில் இருப்பது கீழ்வேங்கைப்பட்டு, இணைப்பு உண்டு. எழுதி முடிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

நான் பிறந்தது நைனார்பாளையத்தில் மேலத்தெரு. உள்ளங்கை மாதிரி சமதரையான ஊர். மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. மேற்கே இருக்கிறதால் மேலத்தெரு, கிழக்கே இருந்தால் கீழத்தெரு. பேச்சு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் இது. மலையைப் பார்த்ததும் அது மறந்துபோய், மேல் என்றால் உயரம், கீழ் என்றால் பள்ளம் என்று ஆகிவிட்டது. கிழக்கே உச்சியில் இருந்ததுதான் கீழ்வேங்கைப்பட்டு. மேற்கே பள்ளத்தில், ரோட்டோடு இருந்ததுதான் மேல்வேங்கைப்பட்டு.

ரஹ்மத்துல்லா சாரிடம் பட்டியலைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். "எல்லா ஊருக்கும் போனியாப்பா?" என்று கேட்டார். போனேன் சார் என்றேன். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

இது வரைக்கும் நடந்தது ஒரு சோம்பேறியின் தவறு. இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து நிதி வந்தது. மேல்வேங்கைப்பட்டுக்கு நாலு கிலோமீட்டர் தார் ரோடு என்று அனுமதி. தடம் குறிக்க டேப்பும் கம்புமாக ஆட்களோடு போனேன். முன்பு டீக்கடையோடு திரும்பியவன் இந்தத் தடவை ஊருக்குள் போனேன். போனதும் எதிரே பள்ளிக்கூடம். சுவரில் மஞ்சள் பெயின்டில் கறுப்பு எழுத்து, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மேல்வேங்கைப்பட்டு. பள்ளத்தில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். வாத்தியார் வெளியே வந்தார். இது கீழ்வேங்கைப்பட்டு இல்லையா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, மேற்கால இருக்கிறது மேலு, கெழக்கால இருக்கிறது கீழு, வெளியூர் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் குழம்புவார்கள் என்றார். ஆட்களிடம் வெயில் ஏறிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி இறங்கிவிட்டேன். அப்போது மணி பத்துகூட ஆகவில்லை.

அன்றைக்கே ஆபீசுக்குப் போய், சார், நான் மாற்றி எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லுவார்கள். திருத்தம் போட்டு மறுபடி மேலே அனுப்புவார்கள். ஒரு வருஷம் தாமதமாகியிருக்கும். ஆனால் சரியான ஊருக்கு ரோடு வந்திருக்கும். சொல்லாததற்குக் காரணம் இதுதான். மாற்றி எழுதிவிட்டேன் என்று சொன்னால், போனேன் சார் என்று சொன்னதும் பொய் என்று தெரிந்துவிடும். அந்தச் சமயத்தில் ஓவர்சியர் பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருந்தது. அதைவிட, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட அந்தத் தாள் என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

உச்சிக்கு ரோடு போட்டால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். பாறை உடைக்க வேண்டும். பள்ளத்து ஊருக்குத் தெற்கே இன்னொரு பக்கமாக ஒரு வழி இருந்தது. அது நாலு கிலோமீட்டர் சுமாருக்குக் கணக்காக வந்தது. காடும் குறுக்கே வரவில்லை. அனுமதியில் இருந்த மேல்வேங்கைப்பட்டு என்ற பெயரும் பள்ளத்து ஊரின் பெயர்தான். அந்த வழியில் தடம் குறித்து மதிப்பீடு போட்டேன். ரஹ்மத்துல்லா சார் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஊருக்கு ஏற்கெனவே ஏதோ ரோடு போகிற மாதிரி கேள்விப்பட்டேனே என்றார். அது வனத்துறை ரோடு சார், நம்ம கணக்கில் வராது என்றேன். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் என்னைப் பார்த்து, "நீ போய்ப் பாத்துட்டு வந்த ஆளு. நீ சொன்னா சரிதான்" என்றார்.

ரோடு போட்டு முடித்தோம். பள்ளத்து ஊருக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, இரண்டு ரோடு. உச்சி ஊருக்கு ஒற்றையடிப் பாதை. மேலதிகாரிகள் வந்து புது ரோட்டில் ஜீப் ஓட்டிப் பார்த்துவிட்டு, வளைவுகள் நன்றாக அமைந்திருக்கின்றன என்று என் தோளைத் தட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஓவர்சியர் ஆனேன்.

அந்தப் பழைய பட்டியலைப் பார்த்துத்தான் அடுத்த பட்டியல் எழுதினார்கள். அதைப் பார்த்து அதற்கடுத்தது. ஒவ்வொரு திட்டத்திலும் கீழ்வேங்கைப்பட்டு, இணைப்பு உண்டு என்றே வந்துகொண்டிருந்தது. மலையில் இருக்கிற அந்த ஊருக்கு எங்கள் காகிதத்தில் மட்டும் ரோடு இருந்தது.

அப்புறம்தான் அண்ணாமலை வர ஆரம்பித்தார். கீழ்வேங்கைப்பட்டுக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. சாமையும் மரவள்ளியும் பயிர் வைக்கிறவர், காலத்தில் கடுக்காய் பொறுக்குகிறவர். அப்போது கலெக்டர் ஆபீஸ் விழுப்புரத்தில் இருந்தது. மலையிலிருந்து நடந்து இறங்கி, பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் விழுப்புரம் போய், திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டு வருவார். மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். மேலதிகாரி கையெழுத்துக்கு நான் பதில் எழுதி வைப்பேன். 'தங்கள் குடியிருப்புக்கு ஏற்கெனவே சாலை இணைப்பு உள்ளதால் தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது.'

முதல் பதில் போனதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. யாரோ என் மேஜையைக் காட்டியிருக்கிறார்கள். காகிதத்தை என் முன்னால் விரித்து வைத்தார்.

"எங்க ஊருக்கு ரோடு இருக்குதுன்னு எழுதிக்கீறாங்க. எந்தப் பக்கம் இருக்குதுன்னு சொன்னீங்கன்னா நாங்களும் அதுல போயி வருவோங்க."

நையாண்டியாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. நான் அவரை உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தேன். ஏதோ குழப்பம் நடந்திருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன், பார்க்கலாம் என்றேன். எங்கள் ஆபீசில் மலைக்காரர்களை உட்காரச் சொல்கிற வழக்கம் அவ்வளவாக இல்லை. அண்ணாமலைக்கு அது பெரிய விஷயமாகப் பட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் வருஷத்துக்கு மூன்று நாலு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மேலே எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் போன பிறகு, முடித்து வைக்கப்படுகிறது என்று எழுதினேன். ஒரு தடவை பை நிறையச் சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் பொங்கல் வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.



ஒரு திங்கட்கிழமை அவர் மனு எதுவும் கொண்டு வரவில்லை. சும்மா வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி பூங்காவனம் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு பாறையில் ஏறும்போது விழுந்துவிட்டதாகச் சொன்னார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். டிரைவர் புது ஆள். அவர்களிடம் இருந்த எங்கள் பட்டியலில் ரோடு உண்டு என்று இருக்கவே, ஊருக்குள்ளேயே வண்டி வரும், நோயாளியை அசைக்காமல் வீட்டிலேயே வைத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இவர்களும் காத்திருந்திருக்கிறார்கள். வண்டி ரோட்டைத் தேடி மலையைச் சுற்றியிருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்து, இவர்களாகவே புடவையில் தூளி கட்டிக் கம்பில் தொங்கவிட்டு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா இனிமே நடக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்றார் அண்ணாமலை. அப்புறம், "ரோடு இருக்குதுன்னு யாரு எழுதுனதுன்னு தெரியலீங்க. அவன் மட்டும் கையில கெடச்சான்னா" என்று சொல்லி நிறுத்தி, டீயைக் குடித்தார்.

அவர் போனதும் எழுந்து ரஹ்மத்துல்லா சார் அறை வாசல் வரை போனேன். உள்ளே யாரோ ஒப்பந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சார் என்னைப் பார்த்து, என்னப்பா என்பது மாதிரி தலையை ஆட்டினார். அப்புறமா வர்றேன் சார் என்றேன். அப்புறம் போகவில்லை. அந்த வாசலில் நின்ற அரை நிமிஷம்தான் என் வேலைக் காலத்திலேயே நான் யோக்கியனாக இருக்க நினைத்த கடைசித் தடவை. அடுத்த மாசமே அவர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் என் பெயரைச் சொல்லி, கண்ணால் பார்க்காமல் எதையும் எழுதாத ஆள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். ஜனாஸா தொழுகைக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

மாவட்டம் பிரிந்து கள்ளக்குறிச்சியே தலைநகரம் ஆனது. அண்ணாமலைக்கு ஒரு பஸ் மிச்சமானது, அவ்வளவுதான். நான் ஓய்வு பெற்றேன். எனக்கப்புறம் அவருக்கு யார் பதில் எழுதினார்கள் என்று தெரியாது. எழுதினவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் பட்டியலைப் பார்த்து எழுதினார்கள்.

தமிழரசியிடம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? ஒரு வாரம் நான் பேசவே இல்லை. அவரே மறுபடி கூப்பிட்டார். பட்டியலைத் திருத்த வேண்டும் என்றால், அந்த வரியை எழுதினவர் ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார். ஆபீசுக்கு வந்து கொடுத்தாலும் போதும் என்றார். நான் அந்த ஊருக்கே வந்து எழுதித் தருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த நாலு கிலோமீட்டரை நடந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஏறுவதற்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. தமிழரசி எனக்காக நின்று நின்று வந்தார். சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. வழியில் ஒரு அம்மாள் தலையில் கேஸ் சிலிண்டரோடு எங்களைத் தாண்டிப் போனார். பட்டியலில் நாற்பத்திரண்டு வீடு என்று ஊராட்சிப் பதிவேட்டைப் பார்த்து நான் எழுதியிருந்தேன். மேலே போய்ப் பார்த்தால் ஆள் குடியிருக்கிற வீடு பத்தொன்பதுதான். மிச்சமெல்லாம் பூட்டியோ, கூரை இறங்கியோ கிடந்தன. ரோடு இல்லாத ஊரில் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது என்று கேரளாவுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள்.

அண்ணாமலை வீட்டு முன்னால் ஒரு பலா மரம். அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவர் நன்றாகத் தளர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஓவர்சியர் சார் நம்ம வூட்டுக்கே வந்துட்டாரு பாரு என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னார். உள்ளே கட்டிலில் பூங்காவனம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலையைத் தூக்கி, வாங்க என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையோடு திரும்பியது, பள்ளிக்கூடப் பெயரைப் பார்த்தது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது, அவருக்கு வந்த பதில் எல்லாம் நான் எழுதியது. ஒன்றையும் விடவில்லை. தமிழரசிக்கும் அப்போதுதான் முழுசாகத் தெரியும். அவர் தலை குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாமலை என் கையை எப்போது விட்டார் என்று கவனிக்கவில்லை. அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"வர்றப்பல்லாம் ஒக்கார வெச்சி டீ வாங்கிக் குடுத்தீங்களே, அது இன்னாத்துக்குங்க?" என்று கேட்டார். "ஊர்ல ஒவ்வொருத்தனும் இனிமே மனு குடுக்காத, கலெக்டரு ஆபீஸ் வாசல்ல போயி ஒக்காந்துக்கலாம், மறியல் பண்லாம்னு சொன்னாங்க. நாந்தான் வேணாம்னு தடுத்தேன். ஓவர்சியரு நம்மாளு, எழுதிக்கினு இருக்காரு, அவருக்குக் கெட்ட பேரு வந்துடும்னு சொன்னேங்க."

சொன்ன பொய்யைவிட அந்த டீ பெரிய பாவம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊர் கூடிச் சண்டை போட்டிருந்தால் என்றைக்கோ உண்மை வெளியே வந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, கொண்டுவந்த தாளை எடுத்து மடியில் அட்டையை வைத்து விளக்கக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். கீழ்வேங்கைப்பட்டுக் குடியிருப்புக்குச் சாலை இணைப்பு உண்டு என்ற தவறான பதிவை நான் தெரிந்தே தொடரவிட்டேன் என்று எழுதினேன். தமிழரசி எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் சார் என்றார். இந்த மாதிரி எழுதினால் கோப்பு விசாரணைக்குப் போகும், விசாரணை முடிகிற வரைக்கும் அந்த வரியை யாரும் தொட முடியாது என்றார். 'தவறுதலாக' என்று எழுதினால் அது வெறும் திருத்தம்தான், இந்த வருஷமே பட்டியலில் ஏற்றிவிடலாமாம்.

"ஊர்ல ஆளு கொறஞ்சிக்கினே போவுது சார். அடுத்த கணக்கெடுப்பு வந்திச்சின்னா ரோடு போட்ற அளவுக்கு எண்ணிக்கை இருக்காது. அதுக்குள்ள போவணும்" என்றார்.

நான் முடியாது என்றேன். இருபது வருஷம் கழித்து இன்னொரு பொய்யை எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, உண்மையை எழுதத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்தேன் என்றேன். கொஞ்சம் கம்பீரமாகக்கூடப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

அண்ணாமலை எழுந்து நின்றார்.

"எந்த வார்த்தை எழுதுனா ரோடு வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுதில்ல, அத எழுதுங்க" என்றார். "உங்க மனசு ஆறணும்னா அத வேற எங்கயாவது போயி ஆத்திக்குங்க."

தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் 'தவறுதலாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தமிழரசி அதைப் படம் பிடித்துக்கொண்டார். அண்ணாமலை சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போய் மனைவியைத் திருப்பிப் படுக்கவைத்தார். நாங்கள் இறங்கினோம்.

கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே அது அப்படியே இருக்கட்டும். டீக்கடையில் உட்கார்ந்து மேலையும் கீழையும் மாற்றி எழுதியது தவறுதலாக. அதற்கப்புறம் அண்ணாமலைக்கு எழுதிய ஒவ்வொரு பதிலையும் நான் தெரிந்தே எழுதினேன்.